கம்பியில்லா வாசல்பாதை எச்சரிக்கை மணி

சாலையிலிருந்து வீட்டுக்குப் பிரிந்து வரும் பாதையில் ஆளோ வண்டியோ நுழைந்ததும் வீட்டுக்குள் ஒலி எழுப்பும் பாதுகாப்புக் கருவி இது. பாதையோரத்தில் ஒரு சென்சார் பெட்டி, வீட்டுக்குள் ஒரு மணிப் பெட்டி. இரண்டுக்கும் இடையே வயர் கிடையாது, ரேடியோ அலைதான். கடைகளில் டிரைவ்வே அலாரம், சென்சார் பெல் என்ற பெயர்களில் விற்கிறது. கதவை நெம்பிய பிறகு கத்தும் திருட்டு அலாரம் வேறு வகை. இந்த மணி, ஆள் கதவுக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடும். பாதை 50 மீட்டர் நீளம் என்றால், சாதாரணமாக நடந்து வருபவர் வாசலைத் தொட ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஆகும். விளக்கைப் போட, தாழ்ப்பாளைச் சரிபார்க்க, பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் போட அந்த நேரம் போதும்.

விருதுநகரை ஒட்டிய சூலக்கரை போன்ற ஊர்களில் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. தெருவில் இறங்கினால் வாசல் என்று இருக்கும் வரிசை வீட்டில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கரிசல் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும் தோட்டத்து வீடு, புறவழியோரக் குடோன், சிட்கோ தொழிற்பேட்டையில் ராத்திரி ஒரே ஒரு வாட்ச்மேன் இருக்கும் கம்பெனி, புது பிளாட்டில் அக்கம்பக்கம் இன்னும் குடிவராத வீடு ஆகியவையே இதற்கு உரிய இடங்கள்.

முன்னோடிகள்

மின்சாரத் திருட்டு அலாரத்துக்கு முதல் காப்புரிமையை அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த சோமர்வில்லில் அகஸ்டஸ் ரசல் போப் 1853இல் பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும், அவ்வளவுதான். பாதையைக் கண்காணிக்கும் மணிக்கு நேரான முன்னோடி அந்நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் இருந்தது. தரையில் குறுக்கே கிடக்கும் ரப்பர் குழாய்மீது கார் ஏறினால், உள்ளிருக்கும் காற்று அழுந்தி உள்ளே மணி அடிக்கும். வெப்பத்தை உணரும் சில்லுகள் மலிவானபின் குழாய் போய்ச் சிறு பிளாஸ்டிக் பெட்டி வந்தது.

இயங்கும் விதம்

பரவலாக விற்பவை பி.ஐ.ஆர். எனப்படும் அகச்சிவப்பு வகை. மனித உடல் 9 முதல் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாக வெப்பக் கதிர் விடுகிறது. பெட்டியின் முகப்பில் உள்ள வெண்மையான, வரிவரியான பாலித்தீன் வில்லை முன்னாலிருக்கும் வெளியைப் பல பட்டைகளாகப் பிரித்து, உள்ளே அடுத்தடுத்து அமைந்த இரண்டு உணர்பரப்புகள்மீது குவிக்கிறது. அவை எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் விழுந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வெப்பம் நகர்ந்தால் மட்டுமே துடிப்பு எழும். ஆகவே சென்சாருக்குக் குறுக்கே நடப்பவர் எளிதில் சிக்குவார். அதை நோக்கி நேராக நடந்து வருபவர் வெகு அருகில் வந்த பிறகுதான் தெரிவார். பொருத்தும்போது பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பாதையின் கடைசியில், வருகிறவரை முகத்துக்கு நேரே பார்க்கும்படி பெட்டியை மாட்டிவிட்டு, மணி சரியாக அடிக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.

இரண்டாவது வகை, மண்ணில் புதைக்கும் காந்தச் சென்சார். பூமியின் காந்தப்புலத்தை இரும்பு நிறை அசைக்கும்போது அது உணரும். காரும் லாரியும் தெரியும்; ஆளும் ஆடும் தெரியாது. பொய் மணி குறைவு என்பது இதன் பெருமை. ஆனால் நடந்து வரும் திருடனுக்கு இது முழுக் குருடு. மூன்றாவது, பாதையின் இருபுறமும் பெட்டி வைத்துக் கண்ணுக்குத் தெரியாத கதிரை ஓடவிடும் வகை. கதிரை வெட்டியதும் மணி. எதிரெதிரே நிறுத்திய கம்பங்கள் அசையாமல் நிற்கவேண்டும் என்பதால் கரிசல் மண்ணில் இதற்கு ஆயுள் குறைவு.

வெயிலும் கரிசலும்

விருதுநகர் மாவட்டத்தில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டிப்பிடிக்கும். பி.ஐ.ஆர். சென்சாருக்கு வேண்டியது வெப்பம் அன்று. ஆளுக்கும் பின்னால் இருக்கும் சுவர், தரைக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு. மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33, 34 பாகை. ஜனவரி இரவில் தரை 22 பாகையில் இருந்தால் ஆள் பளிச்சென்று தெரிவார். சித்திரை நண்பகலில் தரை 50 பாகையைத் தாண்டிக் கொதிக்கும்போதும் சென்சார் முற்றிலும் ஏமாறாது. அப்போது ஆள் குளிர்ந்த உருவமாக நகர்வார், அதுவும் மாற்றம்தானே. சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில். காலையில் சுவர் சூடேறித் தோலின் வெப்பத்தைக் கடக்கும் வேளையிலும், பொழுது சாய்ந்து அது மறுபடி இறங்கி வரும் வேளையிலும் ஆளும் சுவரும் சென்சாருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பகலெல்லாம் வெயில் குடித்த காம்பவுண்ட் சுவர் மேயில் இந்த நிலைக்கு வருவது விளக்கு வைத்த பிறகு. அந்தி சாய்ந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் மணியை நம்புகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலை கூடிய மாடல்களில் சுற்று வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது உணர்திறனைத் தானே உயர்த்தும் அமைப்பு உண்டு. பெட்டிமேல் அச்சடித்திருக்கும் தூரத்தைவிட இந்த வசதி இருக்கிறதா என்று கேட்பது இந்தப் பக்கத்துக்காரருக்குப் பிரயோசனம்.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். புதைத்த காந்தச் சென்சார் அந்த வெடிப்போடு சாய்ந்துகொள்ளும். அதன் வயர் இழுபடும். சரளை கொட்டிய பாதையாக இருந்தால் தப்பிக்கும். சாய்ந்த கம்பத்தில் மாட்டிய பி.ஐ.ஆர். பெட்டி, கவனிக்காமல் விட்டால் ஒரு பருவத்திலேயே பாதையை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

ஆடிக் காற்றில் இன்னொரு தொல்லை. வெயிலில் சூடான சீமைக் கருவேல மிலாறுகள் சென்சாருக்கு முன்னால் ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மணி. நாய், ஆடு, மயில் சொல்லவே வேண்டாம். பொய் மணி தொடர்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் இரண்டாம் வாரத்தில் ஒலியைக் குறைப்பார்கள், மூன்றாம் வாரத்தில் பிளக்கைப் பிடுங்குவார்கள். இந்தக் கருவி தோற்பது பெரும்பாலும் திருடனின் சாமர்த்தியத்தால் அன்று, இப்படித்தான்.

அலைவரிசையும் சட்டமும்

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் மலிவு மாடல்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. இந்தியாவில் 433–434 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் இல்லாமல் குறைந்த ஆற்றல் கருவியைப் பயன்படுத்தும் விலக்கு, கட்டடத்துக்கு உள்ளே பயன்படுத்துவதற்கானது. பாதையோரச் சென்சார் வெளியேதான் நிற்கிறது என்பதை விற்பவரும் யோசிப்பதில்லை, வாங்குபவரும் யோசிப்பதில்லை. 2005ஆம் ஆண்டு விதிகள் 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறுந்தொலைவுக் கருவிகளுக்கு உரிமம் இன்றித் திறந்துவிட்டன. 2021இல் அது 868 வரை நீண்டது. வெளிப்புறப் பயன்பாட்டுக்கு இதுவே பொருத்தமானது. இறக்குமதியாகும் ரேடியோ கருவிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் வகை ஒப்புதல் வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது வாங்கி வரும் அலாரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. அங்கே இந்த வகைக் கருவிகள் 902–928 மெகாஹெர்ட்ஸிலும், மர்ஸ் எனப்படும் 151–154 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும் வருகின்றன. முதலாவதன் ஒரு பகுதி இங்கே செல்போன் நிறுவனங்களின் அலைவரிசைமேல் போய் விழும்; இரண்டாவதற்கு இந்தியாவில் உரிமம் வேண்டும்.

‘ஒரு கிலோமீட்டர் தூரம்’ என்று அட்டையில் போட்டிருப்பது, நடுவில் எதுவுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், தகரக் கூரை, ஈரமான மரக்கூட்டம் மூன்றும் அலையை விழுங்கும். தொழிற்பேட்டையின் தகரக் கொட்டகைக்குள் மணிப் பெட்டியை வைத்தால் கேட்டில் இருக்கும் சென்சார்கூடச் சில நேரம் எட்டாது. ஜன்னலருகே மாற்றி வைத்தால் எட்டும்.

சங்கேத எண்ணையும் பார்க்கவேண்டும். பழைய எச்.டி.12ஈ வகைச் சில்லில் முகவரிக்கு 8 இலக்கங்களே. மொத்தம் 256 சேர்க்கைகள். பக்கத்து வீட்டில் அதே மாடலைத் தொழிற்சாலை அமைப்பை மாற்றாமல் மாட்டினால், அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நம் வீட்டில் மணி அடிக்கும். பின்வந்த ஈ.வி.1527 வகையில் 20 இலக்கங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள். ஆனால் இரண்டுமே மாறாத எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்புபவை. ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்து மறுபடி அனுப்புவது கடினமில்லை.

பொருத்துதல்

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், பாதைக்குக் குறுக்கே பார்வை, வடக்கு அல்லது தெற்கு முகம் என்பவை அடிப்படை. கிழக்கு, மேற்கு முகமாக வைத்தால் உதயத்திலும் அஸ்தமனத்திலும் வெயில் நேரே வில்லையில் இறங்கும். கேட்டைத் திறக்க நிற்கும் இடம், வளைவு, வேகத்தடை போல வருகிறவர் தயங்கும் இடத்தில் வைத்தால் ஒருவரும் தப்பமாட்டார். வில்லையின் கீழ்ப்பாதியை உள்பக்கம் டேப்பால் மறைத்தால் நாயும் பூனையும் கணக்கிலிருந்து கழியும். ஊர்ந்து வரும் ஆளும் கழிவார். இரண்டில் எது வேண்டும் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சென்சார் பெரும்பாலும் பேட்டரியில் ஓடும். வீட்டுக்குள்ளிருக்கும் பெட்டி அடாப்டரில் ஓடினால் மின்வெட்டில் ஊமையாகிவிடும். பேட்டரி மாற்றுவழி உள்ளதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவு மாடல்களில் சென்சாரின் பேட்டரி தீர்ந்தால் உள்பெட்டி அதைக் காட்டிக்கொடுக்காது. வாரம் ஒருமுறை பாதையில் நடந்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. மூடியைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கும், எறும்பு முட்டையிட்டிருக்கும், பல்லி குடியிருக்கும். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிகான் பசையால் அடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். வில்லைமேல் படியும் செம்மண், சிமெண்டுத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்; தின்னர் வேண்டாம்.

தோட்டத்து வீடுகள்

2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டனர். 2025 ஏப்ரல் கடைசியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே மற்றொரு தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொல்லப்பட்டனர். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியாக, அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் என்ற நிலை கொங்கு நாட்டில் மட்டும் இல்லை, கரிசல் பக்கத்திலும் உண்டு. இந்தக் கொலைகளுக்குப் பிறகு தோட்டத்து வீடுகளின் காவல் பற்றிய பேச்சு தமிழகம் முழுவதும் எழுந்தது.

அந்த வீடுகளில் கேமரா பொருத்தச் சொல்வது வழக்கம். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும்; தூங்குகிறவரை எழுப்பாது. மணி எழுப்பும், யார் வந்தார் என்று சொல்லாது. இரண்டையும் இணைத்த முயற்சி ஆந்திரத்தில் நடந்தது. ஊருக்குப் போகிறவர்கள் செயலியில் பதிந்தால், காவல்துறையே பூட்டிய வீட்டில் அசைவு உணரும் கேமராவை இலவசமாக வைத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனிக்கும் எல்.எச்.எம்.எஸ். திட்டம் அது. வாசல்பாதை மணிக்கு அப்படிக் காவல்துறைத் தொடர்பு கிடையாது. அடித்ததும் 112ஐ அழைப்பதோ, 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘காவல் உதவி’ செயலியைத் தட்டுவதோ வீட்டில் இருப்பவரின் வேலை. காது மந்தமான பெரியவர்கள் வீட்டில் ஒலியோடு விளக்கும் எரியும் மாடல் வேண்டும். இரண்டாவது மணிப் பெட்டி ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்தில் வைப்பது, எட்டும் தூரமாக இருந்தால், கேமராவைவிட உபயோகம்.

காட்டுப்பன்றிக்குப் பயந்து மக்காச்சோளக் காட்டைச் சுற்றி மின்கம்பி இழுக்கும் வழக்கம் விருதுநகர் மாவட்டத்தில் உயிர்களைக் குடித்திருக்கிறது. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழ்நாடு 2023இல் விதிகள் கொண்டுவந்தது. வரப்போரம் நிறுத்திய சென்சார் மணி யாரையும் கொல்லாது. பன்றி வந்ததைச் சொல்லும், விரட்டுவது விவசாயியின் பாடு.

யானைத் தடத்தில்

வருமுன் எச்சரிக்கும் இதே கொள்கை தமிழகத்தில் பெரிய அளவில் பயன்படுவது யானைகளுக்காக. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பு உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, பிறகு குறுஞ்செய்தி, செல்போனால் எரியவிடும் சிவப்பு விளக்கு என யானை நிற்கும் இடத்தைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு முன்கூட்டியே தெரிவித்தது; அதை நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. கோவை நவக்கரை அருகே 2021 நவம்பர் 26 அன்று ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. மதுக்கரை வனச்சரகத்தின் ரயில் பாதையில் 2024 பிப்ரவரியில் வெப்பக் கேமராக் கோபுரங்கள் செயல்படத் தொடங்கின. யானை தண்டவாளத்தை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். அங்கே உருவம் யானையா மாடா என்று கணினி பிரித்தறிகிறது. வீட்டு மணிக்கு இல்லாத அறிவு அது.

பட்டாசுப் பகுதியில்

பி.ஐ.ஆர். சென்சார் சத்தத்தைக் கேட்பதில்லை. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் வெடிகளைச் சோதித்துப் பார்க்கும் ஓசைக்கோ தீபாவளி வெடிக்கோ அது அசையாது. பாதையில் புஸ்வாணம், சங்குசக்கரம் விட்டால் அடிக்கும். அதிர்வை உணரும் ஜன்னல் அலாரங்கள்தாம் வெடிச்சத்தத்துக்குக் கதறும்.

பட்டாசு ஆலைக்குள் இந்தக் கருவியைக் கொண்டுபோவது வேறு விஷயம். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் கீழ் உரிமம் பெற்ற ஆலைகளில் மருந்துக் கலவை அறை, திரி அறை, கிடங்கு ஆகியவற்றை அண்டிச் செல்போனே கூடாது. பேட்டரியும் டிரான்ஸ்மிட்டரும் கொண்ட சாதாரணப் பெட்டிக்கும் அங்கே இடமில்லை. பொறி எழாத வகையில் வடிவமைத்து, பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்ற கருவிகளே ஆபத்துப் பகுதிக்குள் அனுமதிக்கப்படும். அந்த அமைப்புக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் உண்டு. வெளிக் கேட்டிலும் வாட்ச்மேன் அறையிலும் மணி வைக்க விரும்பும் ஆலைக்காரர், இடத்தைக் குறித்த வரைபடத்தோடு முதலில் அங்கே கேட்டுக்கொள்வது வேலையை எளிதாக்கும்.