கணிப்பொறியாட்டத்தில் கடாரங்கொண்டான்

முதுகலை வகுப்பில் முதல் இராசேந்திரனது மெய்க்கீர்த்தியைப் பாடஞ்சொல்லி வந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, திரிசடை என்னும் போர்க்கப்பல் இதில் எவ்விடத்தில் வருகிறது?" என வினவினார். அப்பெயரை எங்கே அறிந்தீர் என்றேன். தம் இல்லத்தில் எக்ஸ்பாக்சு என்னும் கருவியில் ஆடும் ஆட்டத்திலே சோழர் கப்பலுக்கு அப்பெயர் வழங்குகிறது என்றார். வகுப்பில் நகைப்பு எழுந்தது. எனினும் அவ்வினா நகைத்து ஒதுக்கற்பாலதன்று. மாணவர் ஒருவர் கல்வெட்டினை நாடி வருகிறார். அவரை அழைத்து வந்தது நாம் எழுதிய நூல் அன்று, ஓர் ஆட்டம். அவ்வழியில் அவர்க்குக் கிட்டியவற்றுள் சான்றுடையன எவை, சான்றில்லாதன எவை என வரையறுத்துக் கூறுதல் தமிழாசிரியரின் கடனாகும். இக்கட்டுரை அக்கருத்தால் எழுந்தது.

அவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். ஏஜ் ஆப் எம்பயர்ஸ் என்னும் ஆட்டத்தொடரின் முதற்பகுதி 1997-ஆம் ஆண்டிலும் இரண்டாம் பகுதி 1999-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அமெரிக்க நாட்டு என்செம்பிள் ஸ்டூடியோஸ் ஆக்கிய அவற்றை மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்டது. ஆடுவோர் ஊரொன்றை நிறுவி, குடிகளை ஏவி, உணவு, மரம், பொன், கல் என்னும் நான்கினையும் ஈட்டி, அவற்றால் படை திரட்டிப் பகைவரை வெல்லுதல் வேண்டும். இரண்டாம் பகுதிக்குக் களம் இடைக்காலம். யான் மாணவனாய் இருந்த நாளில், சிதம்பரம் மேலவீதியில் மணிக்கணக்கில் வாடகை பெற்ற கணிப்பொறிக் கடையொன்றில் அதனை ஆடியதுண்டு. அப்பொழுது அதில் 13 இனத்தார் இருந்தனர். சீனர் உண்டு, சப்பானியர் உண்டு, மங்கோலியரும் பாரசீகரும் உண்டு. இந்தியப் பெருநிலத்தார் எவரும் இலர். போர்யானை மட்டும் இருந்தது. ஆயின் அது பாரசீகர்க்கே உரியதாய் இருந்தது! களிற்றுப்படையைப் பற்றித் தமிழ்நூல்கள் கூறுவனவற்றைப் பகலிற் படித்துவிட்டு, மாலையில் பாரசீகர் பெயரால் யானையைச் செலுத்திய அந்நாள் இன்னும் நினைவில் உள்ளது.

பின்னர் 2013-இல் வந்த விரிவுப்பகுதியில் 'இந்தியர்' என ஓர் இனம் சேர்க்கப்பட்டது. குமரிமுதல் இமயம்வரை வாழ்ந்தோர் யாவரும் அவ்வொரு பெயருள் அடங்கினர். அவர் பேசிய மொழி இந்தி. 2019-இல் ஆட்டம் முழுமையும் புதுக்கப்பெற்றது. 2022 ஏப்பிரல் திங்களில் இந்திய அரசமரபுகள் பற்றிய விரிவுப்பகுதி வெளிவர, வங்காளர், கூர்ச்சரர், திராவிடர் என மூன்று புதிய இனங்கள் தோன்றின. பழைய 'இந்தியர்' இந்துஸ்தானியர் எனப் பெயர் மாறினர். திராவிடக் குடிகள் தமிழிற் பேசுகின்றனர். இராசேந்திரன் பெயரால் ஒரு போர்த்தொடரும் அமைந்தது. 2023 சனவரியில் எக்ஸ்பாக்சு கன்சோலிலும், 2025-இல் பிளேஸ்டேசன் ஐந்தாம் பதிப்பிலும் இவ்வாட்டம் இடம்பெற்றது. கடாரப் படையெழுச்சி கி.பி. 1025-இல் நிகழ்ந்ததாகக் கொள்வர். அதன் ஆயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி 2025 சூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா நடந்து நினைவு நாணயமும் வெளியிடப்பெற்றது. இவ்விரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலே, எனினும் குறிக்கத்தக்கது.

கல்லிலும் செப்பேட்டிலும் இருந்த இராசேந்திரன் வேறு வடிவங்களுக்கு மாறியது இதுவே முதன்முறை அன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1949-இல் வெளியிட்ட 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற்பகுதியில், அங்குத் தமிழாராய்ச்சித் துறையில் பணியாற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் கல்வெட்டுச் சான்றுகளைக்கொண்டு அவன் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அகிலனது 'வேங்கையின் மைந்தன்' அவனைப் புதினத்திற் புகுத்தி, 1963-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது. புதினத்தைக் கற்பனை என அறிந்தே படிக்கிறோம். ஆட்டமோ படைக்கும் கப்பலுக்கும் பெயர் சூட்டும்போது அவற்றை வரலாற்றுப் பெயர்கள் போலவே தருகிறது. இடர்ப்பாடு ஈண்டுத்தான் உள்ளது.

தமக்கை மகன் இல்லத்தில் அக்கன்சோலிலேயே அவ்வாட்டத்தை மீண்டும் ஆடிப் பெயர்களை ஒவ்வொன்றாய் நோக்கினேன். திராவிடர்க்குரிய தனிப்படை 'உறுமி' வாள்வீரர். உறுமி என்றவுடன் தமிழர்க்கு நினைவில் எழுவது தோற்கருவி. கோயிற் கொடைகளில் முழங்கும் இசைக்கருவி. வளைந்து சுருளும் வாளை அப்பெயரால் வழங்குவது மலையாள மரபு. தமிழில் அது சுருள்வாள் எனப்படும். கேரளக் களரியின் சொல் ஆங்கில எழுத்து வழியாகச் சோழர் படைக்குள் நுழைந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் படைப்பிரிவுகளின் பெயர்களைத் தாமே கூறுகின்றன. தெரிந்த கைக்கோளர், தெரிந்த ஆனைப்பாகர், வலங்கை வேளைக்காரப் படைகள் என அவை நிரல்பட வருகின்றன. அவற்றுள் ஒன்றைக்கூட ஆட்டம் ஆக்கியோர் எடுத்தாளவில்லை.

உருக்கு வகை செம்மையாக அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் 'ஊட்ஸ்' என வழங்கும் எஃகின் பெயரைக் கன்னட 'உக்கு' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். தமிழ் உருக்கு அதன் இனச்சொல். நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்துச் சுட்டும் கொடுமணம் அவ்வூரே என்பர். ஆயினும் அது இராசேந்திரனுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது.

மற்றொன்று 'மருத்துவப் படை'. இதனைப் பெற்றால் யானைகளின் புண் தானே ஆறும். சோழர்கால மருத்துவத்திற்குச் சிறந்த சான்று வீரராசேந்திரனது திருமுக்கூடற் கல்வெட்டு. பதினைந்து நோயாளர் கிடத்தற்கு இடம், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார் இருவர், பணிமகளிர் இருவர் என அது விரித்துரைக்கிறது. அம்மருத்துவசாலை கோயிலையும் கல்லூரியையும் சார்ந்தோர்க்காக அமைந்தது, படைக்காக அன்று. ஆட்டத்துள் அது யானைக் கொட்டிலுக்குச் சென்றுவிட்டது.

இனி மாணவர் வினவிய திரிசடைக்கு வருவோம். தமிழ் பயின்றோர்க்குத் திரிசடை இராமகாதைப் பாத்திரம். அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் கூறியவள். இராசேந்திரனது மெய்க்கீர்த்தியிலோ சங்க நூல்களிலோ அப்பெயர் கப்பற்பெயராய் வரவில்லை. நாவாய், வங்கம், கலம், அம்பி, தோணி, திமில், பஃறி, ஓடம் எனப் பழந்தமிழில் சொற்கள் நிறைந்துள்ளன. கடாரப் படையெழுச்சியைக் கூறுமிடத்து மெய்க்கீர்த்தி ஆள்வது 'கலம்' என்னும் எளிய பொதுச்சொல் ஒன்றே. கலத்தின் வகையோ அளவோ எண்ணிக்கையோ அங்கு இல்லை. பல என்னும் அளவில் நிறுத்திக்கொண்டது. வெற்றியைப் பாடுதற்கென்றே எழுந்த மெய்க்கீர்த்தி இவ்விடத்தில் இத்துணை அடக்கம் காட்டுவது வியப்பைத் தருகிறது. அவ்வடக்கத்தால் நேர்ந்த வெற்றிடத்தைப் பிற்காலத்தார் பெயர்களால் நிரப்ப முயல்கின்றனர் போலும்.

கலத்தைப் பற்றிச் சுருங்கக் கூறிய அப்புலவன் ஊர்களைப் பற்றி விரித்துரைக்கிறான். ஸ்ரீவிசயம் முதல் கடாரம் ஈறாக 13 இடங்கள் வருகின்றன. பண்ணைக்கு நீர்த்துறைகள் உண்டு. மாயிருடிங்கத்திற்குக் கடலே அகழி. நக்கவாரத்தில் தேன் மிகுந்த சோலைகள் உள. பகைவர் ஊரையும் அதன் நீராலும் பொழிலாலும் அடையாளங் காட்டும் நோக்கு இது. இவ்விடங்களைப் படமொன்றிற் குறித்து வருமாறு அம்மாணவரிடம் கூறினேன். நக்கவாரம் நிக்கோபார்த் தீவுகள் என்பதிலும், கடாரம் மலேசிய நாட்டுக் கெடா என்பதிலும் அவர்க்கு ஐயம் எழவில்லை. மேவிலிம்பங்கத்தையும் வளைப்பந்தூரையும் எங்கே வைப்பது எனத் தெரியாமல் படத்தின் ஓரத்தில் எழுதி வந்தார். அறிஞரும் அவற்றை உறுதியாகக் காட்ட இயலாது நிற்கின்றனர். ஆதலின் அவர் செய்தது முறையே.

கன்சோலில் ஆடுங்கால் யான் கண்ட மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். பழைய கணிப்பொறியில் ஒவ்வொரு குடியையும் மௌசினால் தொட்டு, நீ வயலுக்குச் செல், நீ மரம் வெட்டு என ஏவினோம். குடிகளை மறந்தவன் தோற்றான். யான் தோற்றவை பெரும்பாலும் அவ்வாறே. கையிற் பிடிக்கும் கண்ட்ரோலருக்கு அவ்வேலை எளிதன்று. ஆதலின் உணவுக்கு இத்துணை, பொன்னுக்கு இத்துணை என ஆடுவோர் முறை வகுத்துவிட, பொறியே குடிகளைப் பகிர்ந்து ஏவும் ஏற்பாடொன்று புதிதாய்ச் சேர்க்கப்பட்டுள்ளது. விரும்பாதார் அதனை விலக்கலாம். தமக்கை மகன் விலக்கவில்லை. அவன் கண் போர்க்களத்திலேயே இருந்தது. உழவர் தாமே உழுதனர். வயல் தானே விளைந்தது. அவ்வயலுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்னும் வினா பழைய ஆட்டத்திலும் இல்லை, புதிய ஆட்டத்திலும் இல்லை. கோட்டை கட்டலாம், மதில் எழுப்பலாம், துறைமுகம் அமைக்கலாம்; ஏரி மட்டும் வெட்ட இயலாது.

இராசேந்திரனை ஆட்டத்தலைவனாகக் கொண்ட ஒன்றில் இக்குறை சிறிதன்று. 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், அவன் கங்கைவரை சென்ற வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்னும் ஏரியை அமைத்தான் என்றும், அது நீரால் ஆகிய வெற்றித்தூண் என்றும் கூறுகின்றன. வென்ற நாட்டு நீரைக் கொணர்ந்து தன் நாட்டுக் குளத்திற் பெய்தவன் அவன். கல்தூண் நிறுத்துதல் மன்னர் பலர்க்கும் இயல்பு; நீரைத் தூணாக்கிய செய்தி அவன் தனிச்சிறப்பைக் காட்டுகிறது. ஆட்டத்தில் வெற்றி என்பது பகைவர் ஊர் அழிந்தவுடன் திரையில் எழும் ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

சிதம்பரத்திலிருந்து மேற்கே காட்டுமன்னார்கோயில் வழியாகப் பேருந்திற் செல்வோர், முதற் பராந்தகனது வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரால் அமைந்த வீராணம் ஏரியின் பக்கமாகச் சென்று, மீன்சுருட்டி கடந்து கங்கைகொண்ட சோழபுரத்தை அடையலாம். சோழகங்கம் அங்கே பொன்னேரி என வழங்குகிறது. அதன் கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீண்டிருந்ததென 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு கூறும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டன என்பதும் அக்குறிப்பிலேயே காணப்படுகிறது. அவ்வணையிலிருந்து பிரியும் வடவாற்று நீரே இன்று வீராணத்தை நிரப்புகிறது. அடுத்த ஆடித் திருவாதிரைக்கு மாணவரை அங்கு அழைத்துச் செல்லக் கருதியுள்ளேன். தமக்கை மகனும் உடன் வருவதாகக் கூறியிருக்கிறான்.