பதம் பார்க்கக் கற்றவர்கள்

கரும்புச்சாறு வெல்லமாகும் கொட்டகையில் கடிகாரமும் கிடையாது, தெர்மாமீட்டரும் கிடையாது. கொப்பரையில் பாகு கொதித்து வரும்போது, காய்ச்சுகிறவர் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் இறக்கலாம். கரைந்தால் இன்னும் கொஞ்சம் நேரம். தாமதித்தால் கருகும், முந்தினால் அச்சில் நிற்காமல் கசியும். இதற்குத் தமிழில் ஒரே சொல்தான்: பதம். இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தருவதில்லை. அடுப்புக்குச் சக்கை தள்ளுகிற பையன் சில வருஷம் பார்த்துக்கொண்டே நிற்பான். ஒருநாள் கரண்டி அவன் கைக்கு வரும்.

இந்தப் பதம் ஒரு தொழிற்சாலைக்குள் போனால் என்ன ஆகும்? அதைப் பார்க்க நெல்லிக்குப்பத்தைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

தாமஸ் பாரி 1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கியவர். பாரிமுனை என்ற பெயர் அவரால் வந்தது. 1824-ல் காலராவில் இறந்து கடலூரில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், 1840-களில், அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி சர்க்கரை ஆலை தொடங்கியது. இந்தியாவின் ஆகப் பழைய சர்க்கரை ஆலைகளில் ஒன்று அது. பாரி அதைப் பார்க்கவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு சிற்றூரில் ஒரே தொழில் ஓடியிருக்கிறது என்றால், அங்கே பலமுறை தலைமுறை மாறியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் யாரோ யாருக்கோ வேலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆலையின் முதலாளிகள் பற்றி வரலாறு இருக்கிறது. அந்தக் கற்றுக்கொடுத்தல் பற்றிய வரலாறுதான் ரொம்பக் குறைவு.

சர்க்கரை ஆலைக்குள் பல வேலைகள் இருந்தாலும், மையம் ஒன்றுதான்: வேக்குவம் பான். எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1813-ல் காப்புரிமை பெற்ற கருவி. மூடிய பாத்திரத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் பாகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், கருகாது. கொப்பரையின் பெரிய பிரச்சினை இதில் தீர்ந்தது. ஆனா ஒரு புதுப் பிரச்சினை வந்தது. பாத்திரம் மூடியிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது?

உள்ளே நடப்பது இதுதான். பாகு ஒரு அளவுக்குமேல் கெட்டியானதும் நுண்ணிய குருணைகள் பிறக்கும், அல்லது வெளியிலிருந்து விதைபோலத் தூவப்படும். அதன்பின் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, அந்தக் குருணைகளையே வளர்க்க வேண்டும். பாகு நீர்த்துப்போனால் வளர்ந்தது கரையும். அவசரப்பட்டால் வேண்டாத புதுப் பொடிக் குருணைகள் நடுவில் பிறந்துவிடும். அப்புறம் சுழல் இயந்திரத்தில் போட்டால் பொடி சல்லடையை அடைக்கும், பாகு பிரியாது, சர்க்கரை பழுப்பாகவே நிற்கும். டன் கணக்கான சரக்கு ஒரே ஆளின் தீர்ப்பில் தொங்குகிறது. பான்மேன் ஒரு கம்பியைச் செருகி மாதிரி எடுப்பார், கண்ணாடித் தகட்டில் தேய்த்து விளக்குக்கு எதிரே பிடிப்பார், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இழுத்துப் பார்ப்பார். இங்கிலாந்திலிருந்து இயந்திரம் வந்தும் கடைசியில் வேலை பதத்தில்தான் வந்து நின்றது.

இப்படிப்பட்ட வேலையை எப்படிக் கற்பது? பக்கத்தில் நின்றுதான். உதவியாளாக வால்வு திருப்பிக்கொண்டு, கண்ணாடியை வாங்கிப் பார்த்துக்கொண்டு, "இப்ப என்ன தெரியுது?" என்று பெரியவர் கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு. அதற்குக் காலம் வேண்டும். தப்பினால் தாங்கிக்கொள்ள ஆளும் வேண்டும். வேலைப் பயிற்சி பற்றி எவ்வளவு பேசினாலும் கடைசியில் வருகிற கேள்வி இதுதான்: கற்கிறவன் கெடுக்கும் சரக்கின் செலவு யாருடையது?

இதற்கு ஆலைத் தொழில் ஒருமுறை நேர்மையான பதில் சொல்லியிருக்கிறது. கரும்பு அரவை வருஷம் முழுக்க நடப்பதில்லை. சீசன் முடிந்ததும் பருவகாலத் தொழிலாளிக்கு வேலை இல்லை. அவர் வேறு ஊருக்கு, வேறு ஆலைக்குப் போய்விட்டால்? அவர் விரலில் இருந்ததும் கூடவே போய்விடும். அதனால் சும்மா இருக்கும் மாதங்களுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்து அவரைத் தக்கவைக்கும் வழக்கம் வந்தது. 1957-ல் அமைக்கப்பட்ட சர்க்கரைத் தொழிலுக்கான மத்திய ஊதியக் குழு அதை முறைப்படுத்தியது. திறன் கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். திறமை என்பது கம்பெனியின் சொத்துப் பதிவேட்டில் இல்லாத, ஆளோடு நடந்து போகிற பொருள் என்று ஒப்புக்கொண்ட தொகை அது.

இதற்கு முன்பே இன்னொரு திசையிலும் முயற்சி நடந்தது. 1932-ல் சர்க்கரைக்கு இறக்குமதிப் பாதுகாப்பு கிடைத்ததும், அதுவரை முப்பதைச் சுற்றி இருந்த நவீன ஆலைகளின் எண்ணிக்கை ஐந்தே வருஷத்தில் 130-ஐத் தாண்டியது. அத்தனை ஆலைக்கும் பக்கத்தில் நின்று கற்ற ஆட்களுக்கு எங்கே போவது? 1936-ல் கான்பூரில் இம்பீரியல் சர்க்கரைத் தொழில்நுட்ப நிறுவனம் திறக்கப்பட்டது. இன்றைய தேசிய சர்க்கரை நிறுவனம் அதுதான். பொறியாளர்களுக்கும் வேதியியலாளர்களுக்கும் பட்டயம் தந்த அந்த இடத்திலேயே சர்க்கரை காய்ச்சுவதற்கென்று தனிச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. பதத்தைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா என்ற சோதனை என்றுகூடச் சொல்லலாம். பாதி முடியும். ஏன் பொடிக் குருணை பிறக்கிறது என்பதை வகுப்பில் சொல்லலாம். பிறக்கப்போகிறது என்று ஒரு நிமிஷம் முன்னால் உணர்வதற்கு மறுபடி பான் பக்கத்தில் போய்த்தான் நிற்கணும்.

சட்டம் இந்தக் கற்கும் ஆளை எப்படிப் பார்த்தது? நெல்லிக்குப்பம் ஆலை வந்து பத்து வருஷம்போல ஆன சமயத்தில், 1850-ல், கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு அப்ரண்டிஸ் சட்டம் போட்டது. குறிப்பாக அநாதைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் தொழில் கற்றுத்தருவது நோக்கம். 10 வயதுக்கு மேல் 18-க்குள் இருக்கும் பிள்ளையை, 7 வருஷத்துக்கு மிகாமல், ஒரு முதலாளியிடம் எழுதிக் கட்டிவைக்கலாம். கல்வி என்ற பெயரில் ஒரு கட்டு.

சுதந்திரத்துக்குப் பின் 1961-ல் வந்த தொழில்பழகுநர் சட்டம் பார்வையைத் திருப்பியது. இப்போது கட்டாயம் முதலாளிக்கு: இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தே ஆகணும், மறுத்தால் தண்டனை. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் என்று ஐடிஐ முடித்த லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆலைக்குள் போனது இந்தக் கதவு வழியாகத்தான். அதே சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மட்டும் நிதானமாகப் படிக்கணும். 18-ஆம் பிரிவு: பழகுநர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி கிடையாது, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பாதுகாப்பு, உடல்நலம் போன்ற சிலது மட்டும் விலக்கு. 22-ஆம் பிரிவு: பயிற்சி முடிந்தபின் வேலை தர முதலாளி கடமைப்பட்டவர் அல்ல. 2014-ல் திருத்தினார்கள், வேலைக்கு எடுப்பது பற்றி அந்தந்த நிறுவனமே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றானது. மறுக்கும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையும் அந்தத் திருத்தத்தில் போய், அபராதம் மட்டும் நின்றது.

கடலூர் மாவட்டத்தில் இதன் பொருள் புரிய நெய்வேலிவரை போனால் போதும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள், அங்கேயே அப்ரண்டிஸ் முடித்தவர்கள், நிரந்தர வேலை கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். "கத்துக்கொடுத்தீங்களே, வேலை எங்கே?" என்பது அவர்கள் கேள்வி. கற்றுக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்பது சட்டத்தின் பதில். தக்கவைப்புத் தொகை வாங்கிய சர்க்கரைத் தொழிலாளியும் இவர்களும் ஒரே மாவட்டம்தான். ஒருவரின் திறமை போய்விடக் கூடாது என்று காசு கொடுத்தார்கள். இன்னொருவர் திறமையோடு வாசலில் நிற்கிறார்.

இது சுரங்கத்தோடும் ஆலையோடும் முடிந்த விஷயம் என்று என் துறைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் மைசூர் வளாகத்தில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்றது நிறுவனம். இவர்களில் பலர் ஆஃபர் லெட்டர் வாங்கி இரண்டு வருஷத்துக்குமேல் காத்திருந்தவர்கள். கர்நாடகத் தொழிலாளர் துறை விசாரித்தது. இவர்கள் பயிற்சியாளர்கள், ஊழியர்கள் அல்ல, ஆகவே இதில் விதிமீறல் இல்லை என்ற முடிவுக்கு வந்ததாகச் செய்தி வந்தது. மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கும் 1961-ன் 18-ஆம் பிரிவுக்கும் நடுவே தூரமே இல்லை.

இப்போது பானிலும் சென்சார் வந்துவிட்டது. பாகின் அடர்த்தி திரையில் எண்ணாக ஓடுகிறது, வால்வு தானாகத் திறக்கிறது. நல்லதுதான், வெக்கையில் நின்று கை சுட்டுக்கொண்டதை யாரும் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனா வால்வு திருப்புகிற உதவியாள் இடம் போனபோது, அடுத்த பான்மேன் உருவாகும் இடமும் கூடவே போனது. எங்கள் பக்கமும் அதே கதை. புதிதாகச் சேர்ந்தவர் எழுதிப் பழகிய சின்னச் சின்ன நிரல்களை இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது. ஒருநாள் திரையில் எண் சரியாக இருந்தும் சரக்கு கெடும். அன்றைக்குக் கண்ணாடித் தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். நாலு சீசன் அவருக்குச் சம்பளம் கொடுத்து, அவர் கெடுத்ததைத் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்க வைத்தவர் யார் என்று அன்றைக்கு எல்லோரும் தேடுவார்கள்.