பூட்டி வைத்த எண்களும் தொட்டால் பேசும் வரைபடமும்

ஜுரு வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்குப் புகை புதிதல்ல. ஒரு பக்கம் பிறைத் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. சுமத்ராவில் காடு எரிந்தால் அந்தப் புகையும் வந்து சேர்ந்து கொள்ளும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், அந்நாள்களில் தாய் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்று பிள்ளையை வெளியே அனுப்பலாமா?"

இன்று கைத்தொலைபேசியில் சுற்றுச்சூழல் துறையின் வரைபடத்தைத் தொட்டால் பதில் கிடைக்கிறது. அந்த எண் ஒரு காலத்தில் ரகசியமாக இருந்தது என்பது நம் இளையோர் பலருக்குத் தெரியாது.

1997ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 300ஐக் கடந்தாலே அபாயகரமான நிலை! அந்தச் செப்டம்பரில் சரவாக்கில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சுற்றுப்பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில், குறியீட்டு எண்களை மக்களுக்கு அறிவிப்பதே சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. புகையை மறைக்க முடியாது, எண்ணை மறைக்கலாம் என்று நினைத்தார்கள் போலும்! 2005 ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூச்சுத் திணறியபோதுதான் அந்தத் தடை நீங்கியது. அதே வாரத்தில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி, அங்கும் அவசர நிலை வந்தது.

எண்களைப் படமாக்குவது பழைய கலை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருப்பதைக் காட்டினார். ஆனால், அந்தக் காகிதத்திடம் "என் தெரு எப்படி?" என்று யாரும் கேட்க முடியாது. தொலைக்காட்சியில் நாங்கள் காட்டும் வரைபடமும் அப்படித்தான். சில விநாடிகளில் மறைந்துவிடும். 2006இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங், உலக நாடுகளின் ஆயுளையும் குழந்தைப் பிறப்பையும் நகரும் குமிழ்களாகக் காட்டியபோது பலரும் வியந்தார்கள். ஆண்டை மாற்றலாம், நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பார்வையாளரும் கேள்வி கேட்கும் காலம் பிறந்தது.

நம் நாட்டில் அந்தக் காலம் 2021இல் வீட்டுக்கு வீடு வந்தது. கோவிட் தொற்றின்போது சுகாதார அமைச்சு அன்றாட எண்களைக் கணினி படிக்கும் வடிவில் திறந்துவிட்டது. 'கோவிட்நவ்' அகப்பக்கமும் வந்தது. எண்கள் திறந்திருந்ததால், வெளியிலிருந்த ஆர்வலர்களும் தங்கள் சொந்த வரைபடங்களை உருவாக்கினார்கள்.

காற்று வரைபடத்துக்கே வருவோம். அதன் அடியில் பெரிய கணக்கு இருக்கிறது. நாடு முழுவதும் 60க்கும் மேற்பட்ட நிலையங்கள் ஆறு வகை மாசுகளை அளக்கின்றன. எந்த மாசு மிக மோசமோ, அதன் எண்ணே குறியீடாக நிற்கும். நுரையீரலுக்குள் ஆழமாகப் புகும் பிஎம் 2.5 என்ற நுண்தூசு 2018இல்தான் இந்தக் கணக்கில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டம் வந்தபோது பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டன.

இத்தனையையும் ஒரே வண்ணத்துக்குள் அடக்குகிறார்கள். 50 வரை நீலம், 100 வரை பச்சை, 200 வரை மஞ்சள், 300 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. 105ம் மஞ்சள், 195ம் மஞ்சள் என்றால், தாய் எதை வைத்து முடிவெடுப்பார்? போதாக்குறைக்கு, அமெரிக்காவில் மஞ்சள் என்றால் 51 முதல் 100 வரை, அதாவது மிதமான நிலை. வெளிநாட்டுச் செயலியைப் பார்ப்பவர் குழம்பத்தானே செய்வார்?

இன்னொன்று. தூசுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. காலையில் திடீரென்று புகை சூழ்ந்தாலும் வண்ணம் உடனே மாறாது. மாலையில் வானம் தெளிந்த பிறகும் பழைய வண்ணமே நிற்கலாம். ஆகவே, ஜுருவாசிகள் அருகிலுள்ள செபராங் ஜெயா நிலையத்தைத் தொட்டு, வண்ணத்தை விட்டுவிட்டு, கடந்த சில மணி நேரத்து எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால், பச்சையாக இருந்தாலும் பிள்ளையின் பந்து விளையாட்டை நாளைக்குத் தள்ளி வையுங்கள்.