பட்டாவும் பிணையும்: சேலம், நாமக்கல் சமவெளியில் தனித்து வாழும் தாய்மார் வீடு பெற்ற வரலாறு

கணவரை இழந்தோ அவரால் கைவிடப்பட்டோ பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெண், தன் பெயரில் ஒரு வீட்டைப் பெறுவதற்குச் சட்டத்தின் இசைவும் பணமும் பிணை நிற்கும் மனிதர்களும் ஒருசேரத் தேவைப்பட்டன. இம்மூன்றும் சேலம், நாமக்கல் சமவெளியில் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தன. அவற்றுள் கடைசியாக வந்ததும், பெரிதும் பேசப்படாததும் பிணையே ஆகும்.

1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவர் சொத்தில் பங்கு தந்தபோதிலும், அதை ஆயுட்காலம்வரை அனுபவிக்கும் வரையறுத்த உரிமையாகவே தந்தது. 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமே அதை முழு உரிமையாக்கியது. 1989இல் தமிழ்நாடு அச்சட்டத்தைத் திருத்தி, திருமணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு நிகரான பங்கை வழங்கியது. ஆயினும் பங்கு கேட்பதற்குச் சொத்து இருந்தாக வேண்டும். கொட்டாய் எனப்படும் ஓலைக்குடிசையில் வாழ்ந்த பண்ணைக் கூலிக்கும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கிவிட்டு அது கழியும்வரை அதே தறிக்குக் கட்டுண்டு கிடந்த தொழிலாளிக்கும் அச்சட்டங்களால் உடனடிப் பயன் கிட்டவில்லை.

பணம் திரட்டும் பழைய வழி ஏலச்சீட்டு. உறுப்பினர் அனைவரும் மாதந்தோறும் ஒரே அளவில் பணம் கட்ட, திரண்ட தொகையில் அதிகத் தள்ளுபடிக்கு உடன்படுபவர் அம்மாதச் சீட்டை எடுப்பார். தள்ளுபடித் தொகை மற்றவர்களுக்குப் பிரித்தளிக்கப்படும். சீட்டை எடுத்தவர் எஞ்சிய மாதங்களுக்கு ஜாமீன் தர வேண்டியிருந்ததால், கையெழுத்திட ஆளில்லாத பெண் பெரும்பாலும் கடைசிவரை காத்திருக்க நேர்ந்தது. சொத்தை அடகு கேட்காமல், ஒருவரையொருவர் அறிந்த அயலாரின் கூட்டுப் பொறுப்பையே பிணையாகக் கொள்ளும் ஜெர்மானியரான ரைஃபைசனின் முறையைச் சென்னை மாகாணத்திற்குப் பரிந்துரைத்த ஃபிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை 1895 முதல் 1897 வரை வெளியானது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் வந்தது. எனினும் அந்தக் கூட்டுப் பொறுப்பு ஏழைப் பெண்களின் கைக்கு வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991-92இல் அன்று நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்திற்கு விரிந்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கொண்ட குழு சிறுதொகையாகச் சேமித்து, அச்சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்கு உள்கடன் வழங்கி, ஒவ்வொரு முடிவையும் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பத்துடன் பதிந்தது. 1992இல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்பு, அப்புத்தகத்தையும் ஒழுங்கான திருப்பிச் செலுத்தலையும் சொத்துப் பிணைக்கு ஈடாக ஏற்றது. தனித்து வாழும் தாய்க்குக் கிடைக்காதிருந்த ஜாமீன் கையெழுத்தை அண்டை வீட்டுப் பெண்கள் இட்டனர் என்பதே இம்மாற்றத்தின் உட்பொருள்.

அரசின் வீட்டுத் திட்டங்களைக் குழுவோடு இணைத்துப் பார்க்கும்போதுதான் அதன் மதிப்பு விளங்கும். 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்கு ரூ.1.80 லட்சம் அளித்தது. 2016இல் வந்த பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம் சமவெளிப் பகுதிகளுக்கு ரூ.1.20 லட்சம் என நிர்ணயித்தது. இத்தகைய தொகை ஒரே தவணையில் வருவதில்லை: பேஸ்மட்டம், லிண்டல் மட்டம், கூரை என ஒவ்வொரு கட்டத்தையும் எழுப்பி, ஒன்றிய அலுவலக ஓவர்சியர் பார்வையிட்டு ஒப்பிய பின்னரே அக்கட்டத்திற்கான பில் விடுவிக்கப்படும். எனவே கம்பிக்கும் சிமெண்டுக்கும் கொத்தனார் கூலிக்கும் முதலில் கைப்பணம் வேண்டும். ஒற்றை ஊதியத்தில் வாழும் பெண்ணுக்கு இந்த இடைவெளியே கந்துவட்டிக்கு வாசலாக அமைந்தது. குழுவின் உள்கடன் கிடைத்த இடங்களில் அவ்வாசலை அடைக்க வழி பிறந்தது. வீட்டைத் தொடங்கி வைக்கும் மானியத்தைப் போலவே, அதைக் கூரைவரை கொண்டுசெல்லும் பணமும் முக்கியமானது.

தொடக்ககாலக் குழுக்களின் தீர்மானப் புத்தகங்கள் எந்தப் பெண்ணுக்கு எதன்பொருட்டு எவ்வளவு கடன் தரப்பட்டது என்பதைக் கையெழுத்துகளோடு காட்டும் முதன்மை ஆவணங்கள் ஆகையால், அவை பழைய காகிதக் கடைக்குப் போகும் முன் சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்களும் அவ்வட்டாரக் கல்லூரிகளும் அவற்றைத் திரட்டிப் பாதுகாக்க வேண்டும்.