பெயர் மாறிய ஊரும் பெயர் மாறிய குறியும்: சத்தியவேடு முதல் எக்ஸ்எம்எல் வரை

கடந்த நூறாண்டுகளில் சத்தியவேடு மூன்று மாவட்டங்களின் பெயரைச் சுமந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959-இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்ட சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது முகவரி மீண்டும் மாறியது.

ஊரும் கோயிலும் கல்லும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் வி. ரங்காசாரியார் 1919-இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் இடவாரிப் பட்டியல் மாவட்டம், வட்டம், ஊர் என்னும் அடுக்கில் அமைந்தது. இப்பகுதி ஊர்களை அதில் சித்தூர் என்னும் தலைப்பின்கீழ் தேடும் மாணவர் வெறுங்கையுடன் திரும்புவார். நூலில் பிழையில்லை, தேடும் பெயர்தான் நூலுக்குப் பிந்தியது.

இதே நிகழ்வு கணினியிலும் நேர்ந்தது. உரைகளை எக்ஸ்எம்எல் வடிவில் குறியிடுவதற்கான டி.இ.ஐ. நெறிமுறையின் பி4 பதிப்பு 2002-இலும் பி5 பதிப்பு 2007 நவம்பரிலும் வெளியாயின. கல்வெட்டியலாளர் கையாளும் எபிடாக் நெறிமுறை டி.இ.ஐ.யின் மீது எழுந்ததே. தமிழ்க் கல்வெட்டுகளையும் உள்ளடக்கி 2019-இல் தொடங்கிய தர்மா ஆய்வுத் திட்டமும் எபிடாக்கையே பின்பற்றியது. பி5, தன் குறிகள் அனைத்தையும் ஒரு பெயர்வெளிக்குள் வைத்தது. பத்தியைக் குறிக்கும் ‘பி’ என்னும் குறி பார்வைக்கு மாறவில்லை; அதன் முழுப்பெயர் மாறிவிட்டது. பெயர்வெளியைச் சுட்டாமல் எழுதப்பட்ட பழைய எக்ஸ்பாத் தேடல்கள் புதிய கோப்புகளில் எதையும் கண்டெடுக்கவில்லை. கோப்பின் அமைப்பு செம்மையாக இருப்பதால் பகுப்பான் பிழை எதையும் அறிவிப்பதில்லை. கிடைக்கும் விடை 0.

எழுத்தின் அளவிலும் இது நிகழ்ந்தது. தமிழ்க் கல்வெட்டுகள் பலவும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்குபவை. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்து முதலில் ‘ஸ’வில் தொடங்கும் வரிசையாகக் கணினியில் சேமிக்கப்பட்டது. 2005-இல் வெளியான யூனிகோடு 4.1 ‘ஶ’வுக்குத் தனி இடம் அளித்தது, அதன்பின் ‘ஶ’வில் தொடங்கும் வரிசையே பொருத்தமானதாயிற்று. எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. யூனிகோடின் இயல்பாக்க விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஆகவே ஒன்றைத் தேடும் நிரல் மற்றொன்றைக் காணாமல் கடந்து செல்லும்.

அதே ‘ஶ’ குறிப்பெயரில் வரும்போது நிலைமை வேறு. எக்ஸ்எம்எல் 1.0-இன் நான்காம் பதிப்பு வரை, யூனிகோடு 2.0-இல் இருந்த எழுத்துகளுக்கே குறிப்பெயர்களில் அனுமதி இருந்தது. 2008 நவம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்பு அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எனவே ‘ஶ’ இடம்பெறும் குறிப்பெயரை ஒரு பகுப்பான் ஏற்கும். பழைய விதியைப் பின்பற்றும் மற்றொன்று வரி எண்ணுடன் மறுக்கும். மறுக்கும் பகுப்பானால் ஆய்வுக்குத் தீங்கில்லை. பிழை உடனே கண்ணில் படுகிறது. பிழை காட்டாத 0-தான் ஆபத்தானது. அது அட்டவணையில் ஏறி, ‘இப்பகுதியில் சான்று இல்லை’ என்னும் வாக்கியமாக ஆய்வேட்டில் நிலைத்துவிடும். நிரல் காணத் தவறியது, வரலாற்றில் இல்லாததாகிவிடுகிறது.

இதற்கான காப்பு எளிது. விடை முன்பே கையால் எண்ணப்பட்ட ஒரு கோப்பில் நிரலை முதலில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்; மேம்படுத்தலுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் எண்ணிக்கைகளை ஒப்பிடல் வேண்டும். பெயர்வெளியை நிரலில் வெளிப்படையாகச் சுட்ட வேண்டும். ஸ்ரீயின் இரு வரிசைகளையும் தேடலுக்காக மட்டும் ஒன்றாக்கி, மூலக் கோப்பைத் தொடாமல் விட வேண்டும். ஊரின் பதிவில் இன்றைய மாவட்டத்தை மட்டும் எழுதிப் பழையதை அழித்தல் கூடாது. 1960 மார்ச் வரை செங்கற்பட்டு, 2022 ஏப்ரல் வரை சித்தூர், அதன்பின் திருப்பதி என மூன்றும் காலவரையறையுடன் இடம்பெறும் பதிவிலேயே 1919-இன் பட்டியலும் இன்றைய நிரலும் ஒரே சத்தியவேட்டைச் சென்றடையும்.