தேயிலைப் பேணியும் கூடைக்காரியும்

கண்டியிலிருந்து ஹந்தானை மலைப்பாதையில் ஏறுவோர் நான்கு மாடிகளையுடைய பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காண்பர். 1925இல் எழுப்பப்பெற்ற அக்கட்டடம் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. கொழுந்தை அரைத்த பொறிகளும் உலர்த்திய பொறிகளும் அங்கே உள்ளன. எனினும் தேயிலை செய்யப்பட்ட கதையைக் காட்டிலும் அது விற்கப்பட்ட கதையே விசித்திரமானது.

கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தம் பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டச் செய்து, கரியடுப்பில் வாட்டினார். 1873இல் அவர் இலண்டனுக்கு அனுப்பியது 23 இறாத்தல். அதற்கு விளம்பரம் ஏதுமில்லை.

விளம்பரத்துக்கு வேறொருவர் வரவேண்டியிருந்தது. கிளாஸ்கோ நகரத்துப் பலசரக்கு வணிகர் தோமஸ் லிப்டன், பணத்தாளைப் போலவே தோற்றமளிக்கும் துண்டுகளை அச்சிட்டு ஊரெங்கும் வழங்கியவர். ஒரு பவுண் பெறுமதியான பொருளைப் பதினைந்து சிலிங்குக்குத் தருவதாக அவற்றில் வாக்களிக்கப்பட்டிருந்தது. அவசரமாகப் படித்தோர் மெய்ப்பணமென்றே மயங்கினர். 1881ஆம் ஆண்டு நத்தாரின்போது இராட்சதப் பாற்கட்டி ஒன்றைத் தருவித்து, அதனுள்ளே பொன் நாணயங்களைப் புதைத்து விற்றார். கூட்டம் கடையை மொய்த்ததில் வியப்பில்லை.

இத்தகையவர் 1890இல் இலங்கைக்கு வந்து ஊவா மலைகளில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதே அவருடைய முழக்கம். உண்மையில் அவர் விற்ற தேயிலையிற் பெரும்பகுதி பிறர் தோட்டங்களிலிருந்து வாங்கியதே. ஆயினும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுக்கும் வழக்கத்துக்கு மாறாக, அளவிட்டுக் கட்டிய சிறு பொதிகளாக விற்றமை மக்களைக் கவர்ந்தது.

போட்டியாளர்களும் சளைக்கவில்லை. மசாவத்தி என்னும் இலண்டன் நிறுவனம், இந்துஸ்தானிச் சொல்லோடு தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லை ஒட்டித் தன் பெயரை அமைத்துக்கொண்டது. மூக்குக்கண்ணாடி அணிந்த பாட்டியும் பேத்தியும் தேநீருடன் அமர்ந்திருக்கும் அதன் படம் ஆங்கிலேயர் இல்லங்களில் பிரசித்தம். 1891இல் இலண்டன் ஏலத்தில் காட்மோர்த் தோட்டத்துப் பொன்முனைத் தேயிலை இறாத்தலுக்கு 25 பவுண் 10 சிலிங்குக்கு விலைபோயிற்று! அது குடிப்பதற்காகக் கொடுத்த விலையன்று. பேசப்படுவதற்காகக் கொடுத்த விலை.

மறுவருடம் மே மாதத்தில் டெயிலர் இறந்தார். இருபத்துநான்கு தொழிலாளர் பன்னிருவராக முறைவைத்து அவருடலை மலையிலிருந்து சுமந்துவந்தனர். அவர் கண்டி மஹியாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

தேயிலை தீர்ந்தபின்னும் அழகிய தகரப் பேணியை எறிய எவருக்கும் மனம் வாராது. ஊசியும் நூலும் பொத்தானும் இட்டுவைக்க அது உதவும். அத்தகைய பேணிகளிலும் சுவரொட்டிகளிலும் கூடையுடன் புன்னகைத்து நின்றவள் தமிழ்ப்பெண். படத்தில் அவளுக்கு நகையுண்டு, வெயிலுண்டு. கம்பளியில்லை, மழையில்லை, அட்டையுமில்லை. தலையிற் கயிறிட்டு முதுகிற் சுமக்கும் கூடையின் பாரம் படத்திற் தெரிவதில்லை. அவளுக்குப் பெயரும் இடப்படவில்லை.

அப்படம் உலகெங்கும் உலவிய காலத்திலேயே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த அம்மக்கள் 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. கண்டியிற் புகையிரதமேறித் தலைமன்னார் வழியே கப்பலுக்குச் சென்றோர் பலர். இங்கே எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம், ஹந்தானை நூதனசாலை திறக்கப்பட்டு ஈராண்டு கழிந்து, 2003இல் நிறைவேறியது.