தனித்துப் பாடிய குரல்



இவ்வாரம் ஓர் இசைத்தொகுப்பின் வரலாற்றைப் பற்றி எழுத விழைகின்றேன். தமிழாசிரியருக்கும் ஆங்கில ராக் இசைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கக்கூடும். இறுதிவரை வாசித்தால் தொடர்பு விளங்கும்.

1993ஆம் ஆண்டு. நான் இடைநிலைப்பள்ளியில் காலடி எடுத்து வைத்த காலம். என் அண்ணன் குயின் இசைக்குழுவின் தீவிர இரசிகர். அவரது ஒலிநாடாக்கள் அனைத்தும் அலமாரியில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்; ஒன்று மட்டும் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். அது அக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி தனியாக வெளியிட்ட 'மிஸ்டர் பேட் கை'. காரணம் கேட்டேன். "இது குயின் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பஞ்ச்கனி மாணவன்

ஃபிரெடியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1946ஆம் ஆண்டு சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே இந்தியாவின் பஞ்ச்கனியிலுள்ள புனித பீட்டர் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்குத்தான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. சிறுவனின் இசைத்திறனைக் கண்ட தலைமையாசிரியர், கூடுதலாகச் சிறு கட்டணம் செலுத்தினால் அவனுக்கு முறையாக இசை கற்பிக்கலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பெற்றோரும் இசைந்தனர். பியானோவில் நான்காம் நிலை வரை அவர் தேர்ச்சி பெற்றார்.

பள்ளி நண்பர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவையும் தொடங்கினார். ஆனால், அக்குழுவின் முதன்மைப் பாடகர் அவரல்லர். பியானோ வாசித்தவரே அவர்! பிற்காலத்தில் பெரும் அரங்குகளைத் தன் குரலால் கட்டிப்போட்டவர், பள்ளியில் மற்றொரு மாணவன் முன்னே நின்று பாட, பின்னே அமர்ந்து வாசித்திருக்கின்றார்.

1964ஆம் ஆண்டு சான்சிபார் புரட்சியின்போது குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. 1970இல் குயின் குழு உருவாயிற்று. 1975இல் வெளிவந்த 'பொஹீமியன் ராப்சடி' அதனை உலகறியச் செய்தது.

தனிப்பாதையும் இரசிகர்களின் அச்சமும்

குயின் உறுப்பினர்கள் தனியாக இசைத்தொகுப்பு வெளியிட்டது அதுவே முதன்முறையன்று. தாள இசைஞர் ரோஜர் டெய்லர் 1981இலும், கிட்டார் இசைஞர் பிரையன் மே 1983இலும் முன்னரே வெளியிட்டிருந்தனர். அப்போதெல்லாம் எழாத அச்சம் பாடகர் தனித்துச் சென்றபோது எழுந்தது. குழுவின் முகமே அவர்தானே! முகம் போய்விட்டால் குழு நிலைக்குமா?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ரைன்ஹோல்ட் மாக் என்பவரோடு இணைந்து அவர் இத்தொகுப்பை உருவாக்கினார். 1985 ஏப்ரல் மாதத்தில் அது வெளிவந்தது. மொத்தம் 11 பாடல்கள். குயினின் அடையாளமான கனத்த கிட்டார் ஒலி பின்னுக்குச் சென்று, மின்னணு விசைப்பலகையும் நடன இசையும் முன்னுக்கு வந்தன. தலைப்புப் பாடலில் முழு அளவிலான சிம்பொனி வாத்தியக் குழுவே ஒலித்தது. தொகுப்பைத் தம் பூனைகளுக்குக் காணிக்கையாக்கினார் என்பது இன்றும் இரசிகர்கள் சிரித்துக்கொண்டே பேசும் செய்தி!

வரவேற்பு எவ்வாறு இருந்தது? பிரிட்டனில் 6ஆம் இடம். அமெரிக்காவிலோ 159ஆம் இடத்தைத் தாண்டவில்லை. முதல் தனிப்பாடல் பிரிட்டனில் 11ஆம் இடத்தைப் பிடித்தது. 'லிவிங் ஆன் மை ஓன்' 50ஆம் இடத்தோடு நின்றது. 1982ஆம் ஆண்டின் 'ஹாட் ஸ்பேஸ்' தொகுப்பில் குயின் நடன இசையின் பக்கம் சாய்ந்தபோதே முகம் சுளித்த ராக் இரசிகர்களுக்கு, இது மேலும் ஏமாற்றமளித்தது. என் அண்ணன் அவர்களுள் ஒருவர்.

அஞ்சியபடி குழு உடைந்ததா? இல்லை. தொகுப்பு வெளிவந்து மூன்று மாதங்கூட நிறைவடையாத நிலையில், 1985 ஜூலை 13ஆம் நாள் வெம்பிளி அரங்கில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குயின் மேடையேறியது. அந்த இருபது நிமிடங்கள் இசை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. தனியே சென்றவர் குழுவிற்குத் திரும்பி, முன்னினும் சிறப்பாகப் பாடினார்.

காலம் அளித்த மறுமதிப்பீடு

1991 நவம்பர் 24இல் ஃபிரெடி மறைந்தார். 1993இல் 'லிவிங் ஆன் மை ஓன்' மறுகலவை செய்யப்பட்டு வெளிவந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு 50ஆம் இடத்தில் நின்ற அதே பாடல், இம்முறை பிரிட்டனில் முதலிடம் பிடித்தது! 1995இல் குயினின் எஞ்சிய மூவரும் இத்தொகுப்பின் இரு பாடல்களை எடுத்து, தங்கள் கிட்டாரையும் தாளத்தையும் சேர்த்து, 'மேட் இன் ஹெவன்' தொகுப்பில் வெளியிட்டனர். இரசிகர்கள் சிலர் ஒதுக்கிய பாடல்களைக் குழுவே தன் பாடல்களாக ஏற்றுக்கொண்டது. அண்ணன் அத்தொகுப்பை வாங்கி வந்த நாளன்று, இழுப்பறையில் கிடந்த ஒலிநாடாவும் அலமாரிக்கு ஏறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் வகுப்பறையில்...

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளிப் பாடற்குழுவிலிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆசிரியர் தின விழாவில் தனியாகப் பாட அனுமதி கேட்டான். குழுவின் சிறந்த குரல் அவனுடையது. அவன் விலகினால் குழு கலைந்துவிடும் என்று அஞ்சி நான் மறுத்துவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஆண்டு குழுவில் சேரவே இல்லை. குழுவைக் காக்க எண்ணிய நானே அக்குரலைக் குழுவிற்கு இல்லாமல் செய்துவிட்டேன்.

பெற்றோர்களே, பிள்ளை தனியாக ஒன்றைச் செய்து பார்க்க விரும்புவது, பிரிந்து போவதற்கான அறிகுறியாகவே இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களே, நாம் கதவைத் திறந்து வைத்தால் சென்றவர் திரும்பி வரவும் வழியிருக்கும்.

இவ்வாண்டு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அதே அனுமதியைக் கேட்டாள். சரி என்றேன். அன்று மாலையே அவளுடைய பெற்றோருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பஞ்ச்கனித் தலைமையாசிரியரின் நினைவு வந்தது.